கென்ட் ஸ்டேட், 1970: பேச ஆளில்லாமல் போன வளாகம்

1970 மே மாதத்தின் முதல் வார இறுதியில், வியட்நாம் போருக்கு எதிரான போராட்டங்களுக்கு நடுவே, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 12,000 துண்டறிக்கைகள் விநியோகமாயின. வளாகம் நேஷனல் கார்டு எனும் மாநில ராணுவப் படையின் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது, கூட்டம் கூடத் தடை என்பதுதான் அவை சொன்ன சேதி. திங்கட்கிழமை, மே 4 அன்று நண்பகலில், வளாகத்தின் நடுவே இருக்கும் காமன்ஸ் என்ற புல்வெளியிலும் அதைச் சுற்றியும் ஏறத்தாழ 3,000 பேர் திரண்டிருந்தார்கள். 12:24 மணிக்கு 28 வீரர்கள் சுட்டார்கள். 13 விநாடிகளில் 61 முதல் 67 குண்டுகள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள்.

அந்தத் தடையை விதித்தது யார்? பிறகு வந்த விசாரணைகளில் இந்த எளிய கேள்விக்கு ஒரே பதில் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை காலை 10 மணிக்குப் படையின் ஜெனரல் ராபர்ட் கேன்டர்பரி, பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் வைட், நகர மேயர் லீராய் சாட்ரோம் ஆகியோர் நகரத் தீயணைப்பு நிலையத்தில் கூடிப் பேசினார்கள். கூட்டம் நடக்கக் கூடாது என்பது தலைவரின் கருத்து என்று ஜெனரல் பின்னாளில் சொன்னார். அந்த முடிவில் தனக்குப் பங்கில்லை என்றார் தலைவர். நான்கு பேர் உயிரைவிட்ட ஒரு தடைக்குச் சொந்தக்காரர் இல்லை.

கென்ட் ஸ்டேட் என்றதும் பலரும் அந்த 13 விநாடிகளைத்தான் நினைப்பார்கள். தலைக்கு மேல் சுட்டார்களா, குறிபார்த்துச் சுட்டார்களா, உத்தரவு இருந்ததா என்று ஐம்பது ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. அவை முக்கியமான கேள்விகள்தான். ஆனால் இந்த நிகழ்வைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. வெள்ளி முதல் திங்கள் வரையிலான நான்கு நாட்களில், போரை எதிர்த்த மாணவர்கள் தரப்பில் அதிகாரபூர்வமாகப் பேச ஓர் அமைப்பு இல்லை, நிர்வாகத்தின் தரப்பில் அவர்களோடு பேச வந்த ஒரு பெரிய அதிகாரியும் இல்லை. இந்த வெற்றிடம் தானாக வந்ததல்ல. அதை உண்டாக்கும் வேலை ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

1969இல் நடந்தது

கென்ட் ஸ்டேட் கலகக்கார வளாகம் என்று பெயரெடுத்த இடம் இல்லை. அந்தப் பெயர் கலிபோர்னியாவின் பெர்க்லிக்கும் நியூயார்க்கின் கொலம்பியாவுக்கும் உரியது. கென்ட்டில் படித்த இருபதாயிரத்துச் சொச்சம் மாணவர்களில் பெரும்பாலோர் வடக்கு ஒஹையோவின் தொழிற்சாலை நகரங்களிலிருந்து வந்தவர்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் நிறைய. அதனால்தானோ என்னவோ, வியட்நாம் போர் அவர்களுக்குத் தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. கல்லூரிக்குப் போக முடியாத அண்ணன் தம்பிகளும் பள்ளித் தோழர்களும்தான் கட்டாய ராணுவச் சேவைக்கு முதலில் அழைக்கப்பட்டார்கள். படிக்கும்வரை தப்பித்தவர்களுக்கும் 1969 டிசம்பர் 1 அன்று குலுக்கல் முறை வந்தது. பிறந்த தேதியைச் சீட்டுப் போட்டு எடுத்து, யார் முதலில் போக வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

வளாகத்தின் போர் எதிர்ப்புக்கு 1968-69 காலத்தில் ஒரு முகம் இருந்தது. எஸ்.டி.எஸ். என்று அழைக்கப்பட்ட ‘ஜனநாயக சமுதாயத்துக்கான மாணவர்கள்’ அமைப்பு. 1968 நவம்பரில் ஓக்லாந்து நகரக் காவல்துறை ஆளெடுக்க வளாகத்துக்கு வந்தபோது, எஸ்.டி.எஸ். மாணவர்களும் கறுப்பின மாணவர் ஒன்றியத்தினரும் சேர்ந்து உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். தண்டனை நடவடிக்கை வரும் என்றதும் நூற்றுக்கணக்கான கறுப்பின மாணவர்கள் வளாகத்தைவிட்டே வெளியேறினார்கள். நிர்வாகம் பின்வாங்கியது.

1969 ஏப்ரல் 8 அன்று எஸ்.டி.எஸ். நான்கு கோரிக்கைகளோடு நிர்வாகக் கட்டடத்துக்கு ஊர்வலம் போனது. ஆர்.ஓ.டி.சி. எனும் ராணுவ அதிகாரிப் பயிற்சித் திட்டத்தை எடுத்துவிட வேண்டும். பாதுகாப்புத் துறையின் பணம் வாங்கும் திரவப் படிக ஆய்வு நிறுவனத்தை மூட வேண்டும். வளாகத்தில் உள்ள மாநிலக் குற்றவியல் ஆய்வகத்தையும் காவல் பணிக்கான படிப்பையும் நீக்க வேண்டும். இவற்றை ஏற்பதா வேண்டாமா என்பது வேறு விஷயம். ஆய்வு நிறுவனத்தை மூடச் சொன்னது எனக்கு உடன்பாடானது அல்ல. ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று: அன்று கோரிக்கை எழுத்தில் இருந்தது, அதைக் கொண்டுவந்தவர்களுக்குப் பெயர் இருந்தது, அமைப்புக்கு அங்கீகாரம் இருந்தது. உட்கார்ந்து ‘முடியாது, இன்ன காரணத்தால் முடியாது’ என்று சொல்லவாவது எதிரே ஆள் இருந்தார்கள்.

வாசலில் போலீசாரோடு தள்ளுமுள்ளு ஆனது. நிர்வாகம் அமைப்பின் அங்கீகாரத்தை ரத்து செய்து, சில மாணவர்களை இடைநீக்கம் செய்தது. ஏப்ரல் 16 அன்று இசை மற்றும் பேச்சுத் துறைக் கட்டடத்தில் அவர்கள் மீதான ஒழுங்கு விசாரணை நடந்தது. ஆதரவாளர்கள் கதவை உடைத்துக்கொண்டு மூன்றாம் மாடிவரை போனார்கள். போலீசார் வெளியேறும் வழிகளை அடைத்து 58 பேரைக் கைது செய்தார்கள். எஸ்.டி.எஸ்.ஸைப் பிடிக்காத மாணவர்களிலேயே பலருக்கு இது நியாயமாகப் படவில்லை. தலைவர்கள் நால்வர் சிறைக்குப் போனார்கள். ஜூன் மாதம் நாடாளுமன்றக் குழு ஒன்று கென்ட் எஸ்.டி.எஸ். பற்றித் தனியாக விசாரணை நடத்தியது. தேசிய அளவிலும் அந்த அமைப்பு அதே மாதம் சிகாகோ மாநாட்டில் பிளவுபட்டுச் சிதறியது.

நிர்வாகத்தின் கணக்கில் பிரச்சினை முடிந்தது. போர் முடியவில்லை. போர் மீதான கோபமும் போகவில்லை. அந்தக் கோபத்தைக் கோரிக்கையாக மாற்றி மேசைக்குக் கொண்டுவரும் அமைப்பு மட்டும் இல்லாமல் போனது.

கம்போடியா

1970 ஏப்ரல் 20 அன்று ஜனாதிபதி நிக்சன், அடுத்த ஓராண்டில் 1,50,000 படையினரை வியட்நாமிலிருந்து திரும்பப் பெறப்போவதாக அறிவித்தார். பத்தே நாளில், ஏப்ரல் 30 இரவு, தொலைக்காட்சியில் வந்து அமெரிக்கப் படைகள் கம்போடியாவுக்குள் நுழைவதாகச் சொன்னார். போர் முடியப்போகிறது என்று நம்பிக் காத்திருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாடு முழுக்க வளாகங்கள் அன்றிரவே கொதித்தன.

வெள்ளிக்கிழமை, மே 1 நண்பகலில் கென்ட்டின் காமன்ஸில் சுமார் 500 பேர் கூடினார்கள். கூட்டத்தைக் கூட்டியவர்கள் சில வரலாற்றுத் துறை முதுநிலை மாணவர்கள். நாடாளுமன்றம் போர்ப் பிரகடனம் செய்யாமல் இன்னொரு நாட்டுக்குள் படை போயிருக்கிறது, ஆகவே அரசியல் சட்டம் செத்துவிட்டது என்று சொல்லி, அரசியல் சட்டத்தின் பிரதி ஒன்றைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். திங்கட்கிழமை நண்பகலில் மறுபடி கூடுவோம் என்று அறிவித்துவிட்டுக் கலைந்தார்கள். அமைதியாக நடந்த, தெளிவான கருத்துள்ள ஒரு கூட்டம். மே 4 கூட்டம் முதலில் திட்டமிடப்பட்டது இங்கேதான், இந்த மனநிலையில்தான்.

அன்றிரவு நகரத்தின் வாட்டர் தெருவில் மதுக்கடைகளின் முன்னால் நடந்தது வேறு கதை. குடித்திருந்தவர்கள், கோபத்தில் இருந்தவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் கலந்த கூட்டம். போலீஸ் கார்கள் மீது பாட்டில் எறிந்தார்கள், கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். மேயர் அவசர நிலை அறிவித்து எல்லா மதுக்கடைகளையும் மூடச் சொன்னார். உள்ளே இருந்தவர்களும் தெருவுக்கு வந்ததுதான் அதன் உடனடிப் பலன். கண்ணீர்ப்புகை போட்டுக் கூட்டத்தை வளாகத்தை நோக்கி விரட்டினார்கள். கடை நடத்துபவர்களுக்கு இது பயமூட்டும் இரவு என்பதை மறுக்க முடியாது. மறுநாள் ஊரெங்கும் வதந்தி பறந்ததில் வியப்பில்லை.

சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேயர் நேஷனல் கார்டைக் கேட்டார். அன்று மாலை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காமன்ஸ் ஓரத்தில் இருந்த ஆர்.ஓ.டி.சி. கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். இடிக்கத் திட்டமிட்டிருந்த பழைய மரக் கட்டடம் அது. தீப்பிடித்தது. அணைக்க வந்தவர்களின் குழாய்களைச் சிலர் வெட்டினார்கள். தீ வைத்தது யார் என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. யாராக இருந்தாலும், குழாயை வெட்டியதும் தீயணைப்பு வீரர்கள் மீது கல் எறிந்ததும் குற்றம். போர் எதிர்ப்பின் பெயரால் அதை மூடி மறைக்க நான் தயாரில்லை. இரவு 10 மணியளவில் படை வந்து சேர்ந்தபோது கட்டடம் எரிந்துகொண்டிருந்தது. வந்த வீரர்கள் அதற்கு முன்பு லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தைச் சமாளிக்கும் பணியில் இருந்தவர்கள். சரியான தூக்கம்கூட இல்லாமல் நேராக இங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களிலும் பலர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள்தான்.

இந்த இரண்டு நாட்களும் பல்கலைக்கழகத் தலைவர் ஊரில் இல்லை. ஒரு கூட்டத்துக்காக அயோவா மாநிலத்துக்குப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு முகங்கள்

மே 3 அன்று காலை மாநில ஆளுநர் ஜேம்ஸ் ரோட்ஸ் கென்ட்டுக்கு வந்தார். அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்கள் ஓட்டில் வருபவர், மாநிலத்தின் நேஷனல் கார்டு அவர் கையில் இருக்கும். அவர் அப்போது செனட் பதவிக்கான குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். வாக்குப்பதிவு மே 5, அதாவது இரண்டே நாளில். தீயணைப்பு நிலையத்தில் நிருபர்களைக் கூட்டி, மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். போராடும் மாணவர்களை ஹிட்லரின் பழுப்புச் சட்டை அடியாட்களையும் கம்யூனிஸ்டுகளையும்விட மோசமானவர்கள் என்றார். அமெரிக்காவில் நாம் வைத்திருக்கும் ஆட்களிலேயே மோசமான ரகம் இவர்கள் என்றார். நீதிமன்றத்துக்குப் போய் அவசர நிலைக்கு உத்தரவு வாங்குவேன் என்றும் சொன்னார். அவர் அப்படிப் போகவே இல்லை. ஆனால் வாங்கிவிட்டதாகவே எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கூட்டம் கூடத் தடை இருக்கிறது என்ற நம்பிக்கையின் ஒரு வேர் அந்தப் பேச்சுதான்.

அதே ஞாயிறு பகலில் வளாகத்தில் நல்ல வெயில். ஆயிரம் பேர் அளவுக்குப் படையினர் நின்றிருந்தார்கள். ஊர்க்காரர்கள் எரிந்த கட்டடத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்தார்கள். மாணவர்களும் வீரர்களும் ஆங்காங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீரரின் துப்பாக்கிக் குழாயில் பூ செருகியிருந்தது. மேலதிகாரி வந்து அதை எடுக்கச் சொன்னபோது, தோட்டாவைவிடப் பூ மேல் என்று ஆலிசன் கிராஸ் என்ற 19 வயது மாணவி சொன்னதாக அவரை அறிந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தனித்தனி மனிதர்களாகப் பார்த்துக்கொண்டபோது இரண்டு பக்கத்துக்கும் பகை இல்லை.

என்னைப் பொறுத்தவரை இந்த நான்கு நாட்களின் திருப்புமுனை அன்று இரவு வந்தது. காமன்ஸிலிருந்து கண்ணீர்ப்புகையால் விரட்டப்பட்ட மாணவர்கள் வளாக வாசலருகே, மெயின் தெருவும் லிங்கன் தெருவும் சந்திக்கும் இடத்தில் சாலையில் உட்கார்ந்தார்கள். கல்லில்லை, தீயில்லை. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: மேயரும் பல்கலைக்கழகத் தலைவரும் வந்து எங்களோடு பேச வேண்டும். அவர்கள் வரக்கூடும் என்று நம்பிக் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. இரவு 11 மணிக்கு, ஊரடங்கு அமலுக்கு வந்துவிட்டது, கலையுங்கள் என்று அறிவிப்பு மட்டும் வந்தது. பின்னாலேயே படை வந்தது. துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால் சில மாணவர்கள் குத்துப்பட்டார்கள்.

தலைவர் அந்தச் சாலைக்கு வந்து அரை மணி நேரம் நின்றிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் திங்கட்கிழமை கூட்டத்தின் தன்மை அந்த இரவில்தான் மாறியது. வெள்ளிக்கிழமை அறிவித்தபோது அது கம்போடியா பற்றிய கூட்டம். ஞாயிறு இரவுக்குப் பிறகு, ‘எங்கள் வளாகத்தில் ராணுவம் எதற்கு, நாங்கள் கூடக் கூடாது என்று சொல்ல இவர்கள் யார்’ என்பதே பேச்சாகிவிட்டது. போரைப் பற்றி அதிகம் கவலைப்படாத மாணவர்களும் அந்தக் கேள்விக்காகத் திங்களன்று வந்தார்கள்.

கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் வரவில்லை. அவர்களுடைய ஒன்றியத்தின் தலைவர்கள் தள்ளியிருக்கச் சொல்லியிருந்தார்கள். நேஷனல் கார்டு கறுப்பினக் குடியிருப்புகளில் என்ன செய்தது என்பதை அவர்கள் முந்தைய ஆண்டுகளில் பார்த்திருந்தார்கள். படையின் கையில் இருக்கும் துப்பாக்கியில் குண்டு இருக்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. வெள்ளையின மாணவர்களில் பலரோ, வெற்றுத் தோட்டாதான் இருக்கும் என்று கடைசி நொடிவரை நினைத்தார்கள்.

மே 4

காமன்ஸின் ஒரு பக்கத்தில் வெற்றி மணி என்று அழைக்கப்படும் மணி இருக்கிறது. ரயில் நிறுவனம் ஒன்று கொடுத்தது. விளையாட்டில் ஜெயித்தால் அடிப்பார்கள். அன்று அதை அடித்து ஆள் சேர்த்தார்கள். மணியைச் சுற்றிச் சுமார் 500 பேர் தீவிரமாக முழக்கமிட்டார்கள். இன்னொரு ஆயிரம் பேர் அவர்களை உற்சாகப்படுத்தினார்கள். மீதி 1,500 பேர் சுற்றிலும் நின்று பார்த்தவர்கள், வகுப்பு முடிந்து போகிறவர்கள். எதிர்ப்பக்கம், எரிந்த கட்டடத்தருகே சுமார் நூறு வீரர்கள், இரண்டாம் உலகப் போர்க்காலத்து எம்-1 ரக ராணுவத் துப்பாக்கிகளோடு. உள்ளே உண்மையான தோட்டா. ஒஹையோவின் விதிகள் அதை அனுமதித்தன.

நண்பகலுக்குச் சற்று முன் ஒரு போலீஸ்காரர் ஒலிபெருக்கியில் கலையச் சொன்னார். பிறகு அவரை ஜீப்பில் ஏற்றிக் கூட்டத்தின் எதிரே கொண்டுபோய் மறுபடி சொல்ல வைத்தார்கள். பதிலுக்குக் கூச்சலும் சில கற்களும் வந்தன. அதுவரை அங்கே நடந்தது முழக்கம் மட்டுமே. ஜெனரல் கேன்டர்பரி கலைக்க உத்தரவிட்டார். கண்ணீர்ப்புகைக் குண்டுகள் காற்றில் பிசகிப் போயின. வீரர்கள் கத்தி செருகிய துப்பாக்கிகளோடு பிளாங்கெட் ஹில் என்ற மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கி, கால்பந்துப் பயிற்சி மைதானத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று பக்கம் வேலி. சுமார் பத்து நிமிடம் அங்கே நின்றார்கள். கற்கள் வந்தன, கண்ணீர்ப்புகைக் குண்டுகள் இரு பக்கமும் மாறிமாறிப் பறந்தன. சில வீரர்கள் மண்டியிட்டுக் குறிபார்த்தார்கள், சுடவில்லை. பிறகு வந்த வழியே மேடேறினார்கள். கூட்டத்தில் பலர், சரி, முடிந்தது என்று நினைத்துக் கலையத் தொடங்கியிருந்தார்கள்.

மேட்டு உச்சியில் பகோடா என்ற சிறிய கான்கிரீட் நிழற்குடையை அடைந்ததும், எழுபதுக்கும் மேற்பட்ட வீரர்களில் 28 பேர் திரும்பிச் சுட்டார்கள். சிலர் வானத்திலும் தரையிலும், சிலர் நேராகக் கூட்டத்திலும்.

ஜெஃப்ரி மில்லர், 20 வயது, போராட்டத்தில் இருந்தவர். சுமார் 270 அடி தூரத்தில் விழுந்தார். ஆலிசன் கிராஸ் அவரைவிடத் தொலைவில், வாகன நிறுத்துமிடத்தில். வில்லியம் ஷ்ரோடருக்கு வயது 19, சாண்ட்ரா ஷாயருக்கு 20. இருவரும் 380 அடிக்கு மேற்பட்ட தூரத்தில் இருந்தார்கள். இந்த இருவரும் போராட வந்தவர்களே அல்ல, வகுப்புகளுக்கு இடையில் நடந்துகொண்டிருந்தவர்கள். ஷ்ரோடர் ஆர்.ஓ.டி.சி.யில் பயிற்சி பெற்ற மாணவர். காயம்பட்ட டீன் கேலர் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். ஒருவர் சுமார் 750 அடி தூரத்தில் குண்டடி பட்டார்.

தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற வாதத்தை இந்தத் தூரங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். 380 அடியில் நடந்துபோகும் பெண் யாருக்கு என்ன ஆபத்து விளைவிக்க முடியும்? மறைந்திருந்து யாரோ படை மீது முதலில் சுட்டார்கள் என்றும் சொல்லப்பட்டது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. மேட்டின் அருகே டெய்லர் ஹால் முன்னால் இரும்புத் தகடுகளால் ஆன சிற்பம் ஒன்று நிற்கிறது. அன்றைய குண்டு ஒன்று தகட்டைச் சுத்தமாகத் துளைத்துப் போயிருக்கிறது. அந்த ஓட்டையை இன்றும் விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

பிறகு இன்னும் பெரிய கொலைகள் நடந்திருக்கக்கூடும். அதிர்ச்சியிலும் ஆத்திரத்திலும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் புல்வெளிச் சரிவில் உட்கார்ந்துவிட்டார்கள். நகர மாட்டோம் என்றார்கள். படை மறுபடி முன்னேறத் தயாரானது. அப்போது குறுக்கே புகுந்தவர் நிலவியல் பேராசிரியர் கிளென் ஃபிராங்க். முதலில் அதிகாரிகளிடம் மன்றாடினார். பிறகு மாணவர்களிடம் வந்து, இப்போதே கலையாவிட்டால் மறுபடி சுடுவார்கள், என் பேச்சைக் கேளுங்கள் என்று அழுதபடி கெஞ்சினார். மற்ற ஆசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருபது நிமிடம் போல இப்படிப் போராடி மாணவர்களைக் கலைய வைத்தார்கள். நான்கு நாட்களில், இரு தரப்புக்கும் நடுவில் வந்து நின்று பேசியவர்களுக்குப் பலன் கிடைத்தது இந்த ஒரு முறைதான். அவர்களுக்கு அதிகாரம் எதுவும் இல்லை. ஃபிராங்க் அரசியலில் பழமைவாதச் சாய்வுள்ளவர். மாணவர்கள் தெரிந்த முகம் என்பதால் கேட்டார்கள்.

அதே வார இறுதியில் யேலில்

ஒப்பிட ஓர் உதாரணம் அதே நாட்களிலேயே இருக்கிறது. மே 1 முதல் 3 வரை, யேல் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவன் நகரில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர் மீதான கொலை வழக்கை எதிர்த்துப் பெரும் கூட்டம் நடந்தது. ஆயிரக்கணக்கில் வெளியூர் ஆட்கள் வந்தார்கள். அங்கும் நேஷனல் கார்டு நின்றது, கண்ணீர்ப்புகை பறந்தது, ஒரு விளையாட்டரங்கில் குண்டுகூட வெடித்தது. ஆனால் யேலின் தலைவர் கிங்மன் புரூஸ்டர் வாசலைப் பூட்டவில்லை. வந்தவர்களுக்கு விடுதி முற்றங்களைத் திறந்துவிட்டு, சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தார். மாணவர்களே ஒழுங்குபடுத்தும் பணியை ஏற்றார்கள். யாரும் சாகவில்லை. பணமும் செல்வாக்கும் உள்ள யேலையும் ஒஹையோவின் அரசுப் பல்கலைக்கழகத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆளுநரை எதிர்த்து நிற்கும் தெம்பு வைட்டுக்கு இருந்திருக்காது. இருந்தாலும், துப்பாக்கிச் சூட்டின்போது கென்ட்டின் தலைவர் தன் மூத்த அதிகாரிகளோடு வளாகத்துக்கு வெளியே மதிய உணவில் இருந்தார் என்பதை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை.

நாடு சொன்ன பதில்

பல்கலைக்கழகம் அன்றே மூடப்பட்டது. மாணவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு உடனே வெளியேற வேண்டியிருந்தது. மீதிப் பாடத்தைப் பேராசிரியர்கள் தபாலிலும் வீடுகளிலும் தேவாலயங்களிலும் நடத்தி முடித்தார்கள். நாடெங்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் வேலைநிறுத்தம் வெடித்தது. மே 9 அன்று வாஷிங்டனில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். ஜூன் முடிவதற்குள் தரைப்படை கம்போடியாவிலிருந்து திரும்பும் என்று நிக்சன் அறிவிக்க வேண்டியதாயிற்று.

மே 14 நள்ளிரவைத் தாண்டி, மிசிசிப்பியில் கறுப்பின மாணவர்கள் படிக்கும் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியின் பெண்கள் விடுதி மீது போலீசார் சரமாரியாகச் சுட்டு இருவரைக் கொன்றார்கள். ஃபிலிப் கிப்ஸ், ஜேம்ஸ் கிரீன். அந்தப் பெயர்களை நாடு அன்றும் சரியாகக் கேட்கவில்லை.

கென்ட் பற்றிய கருத்துக் கணிப்பு ஒன்றில் 58 சதவீதம் பேர் மாணவர்களைக் குற்றம் சொன்னார்கள். படையைக் குற்றம் சொன்னவர்கள் 11 சதவீதம். வளாகங்களைக் கொளுத்துபவர்களைப் பொறுக்கிகள் என்று நிக்சன் சொன்னது சூட்டுக்கு மூன்று நாள் முன்னால்தான். என் மகள் பொறுக்கி அல்ல என்று ஆலிசனின் தந்தை ஆர்தர் கிராஸ் தொலைக்காட்சியில் சொன்னார். அவர் அதோடு நிற்கவில்லை, மற்றப் பெற்றோரோடு சேர்ந்து நீதிமன்றம் போனார்.

நிக்சனே அமைத்த ஆணையம், பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் வில்லியம் ஸ்கிரான்டன் தலைமையில், மாணவர் வன்முறையைக் கண்டித்தது. கண்மூடித்தனமாகச் சுட்டது தேவையற்றது, நியாயமற்றது, மன்னிக்க முடியாதது என்றும் எழுதியது. அதே ஆண்டு அக்டோபரில் மாநிலப் பெரும் ஜூரி, அதாவது யார் மீது வழக்குத் தொடரலாம் என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு, எதிர்த்திசையில் போனது. 25 பேர் மீது குற்றம் சாட்டியது. ஒருவர்கூடப் படைவீரர் இல்லை. மாணவர் பேரவைத் தலைவரே அந்தப் பட்டியலில் இருந்தார். 1971 டிசம்பரில் பெரும்பாலான வழக்குகள் ஆதாரமின்றிக் கைவிடப்பட்டன.

கூட்டாட்சி அரசு பெரும் ஜூரியைக் கூட்ட மறுத்தபோது, கென்ட் மாணவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் திரட்டி வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோனார்கள். 1973 டிசம்பரில்தான் ஜூரி கூடியது. எட்டு வீரர்கள் மீது குற்றச்சாட்டு வந்தது. 1974 நவம்பரில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். அதே 1974இல் பெற்றோர் தரப்பு ஒரு பெரிய வெற்றி பெற்றது: ஆளுநர் என்பதற்காக ஒருவருக்கு முழு விலக்கு கிடையாது, அவர் மீது வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1975 விசாரணையில் ஜூரி ஆளுநர் பக்கமும் படை பக்கமும் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 1979 ஜனவரியில் சமரசம் ஆனது. மொத்தம் 6,75,000 டாலர். பாதிக்கு மேல், 3,50,000 டாலர், டீன் கேலருக்கு. இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 15,000 டாலர். ஆளுநரும் 27 வீரர்களும் கையெழுத்திட்ட அறிக்கை, அந்தத் துயரம் நடந்திருக்கக் கூடாது என்று வருத்தம் தெரிவித்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

மறுபடி உருவான அமைப்பு

1975இல், ஐந்தாண்டு நினைவு நாளோடு போதும் என்று பல்கலைக்கழகம் அதிகாரபூர்வ அஞ்சலியை நிறுத்திக்கொண்டது. மாணவர்கள் ‘மே 4 பணிக்குழு’ என்ற அமைப்பைத் தொடங்கி அதைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். 1977இல் சூடு நடந்த இடத்தின் ஒரு பகுதியில் உடற்பயிற்சிக் கூடம் கட்ட நிர்வாகம் முடிவு செய்தது. மே 12 அன்று மாணவர்கள் அங்கே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். 62 நாள். இம்முறை அவர்களிடம் கூட்டமைப்பு இருந்தது, தினமும் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள். இறந்தவர்களின் பெற்றோரும் காயமடைந்தவர்களும் பக்கத்தில் நின்றார்கள். ஜூலை 12 அன்று போலீசார் 193 பேரைக் கைது செய்தார்கள். கைகோத்து உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிப்போனார்கள், குண்டுக்காயம் இல்லாமல். கூடம் கட்டப்பட்டுவிட்டது. போராட்டம் தோற்றது என்று சொல்லலாம். ஆனால் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிட முடியாது என்பதை நிர்வாகம் அன்று தெரிந்துகொண்டது.

அதன்பிறகும் எதுவும் சுலபமாக வரவில்லை. சிற்பி ஜார்ஜ் சீகலின் சிற்பத்தைப் பல்கலைக்கழகம் 1978இல் வேண்டாம் என்றது, இன்று அது பிரின்ஸ்டனில் இருக்கிறது. 1990இல் திறந்த நினைவிடம், நிதி பல மடங்கு வெட்டப்பட்டு, முதல் திட்டத்தின் சிறு துண்டாகத்தான் எழுந்தது. நால்வர் விழுந்த வாகன நிறுத்துமிடத்தில் 1999 வரை, அந்த இடங்களின் மேலேயே கார்கள் நின்றன. மாணவர்களும் குடும்பங்களும் விடாமல் கேட்ட பிறகுதான் அவற்றைச் சுற்றித் தடுப்புக் கட்டினார்கள். 2016 டிசம்பரில் அந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சுடச் சொல்லி உத்தரவு இருந்ததா என்ற கேள்விக்கு ஒரு தடயம் மிஞ்சியிருக்கிறது. அன்று ஒரு மாணவர் தன் விடுதி அறை ஜன்னலில் மைக்கை வைத்து எல்லாவற்றையும் டேப்பில் பதிவு செய்திருந்தார். 2010இல் ஒலி ஆய்வாளர்கள் அதில் உத்தரவு போன்ற சொற்கள் கேட்பதாகச் சொன்னார்கள். 2012இல் நீதித்துறை அமைச்சகம் அது தெளிவாக இல்லை என்று கூறி, வழக்கை மறுபடி எடுக்க மறுத்துவிட்டது. சுட்டதற்காக எந்த வீரரும், சுடும் நிலைக்குக் கொண்டுபோனதற்காக எந்த அதிகாரியும் இதுவரை குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படவில்லை.